அடுத்து எந்த நாவல்? கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் பதினோரு வருடம் ஒரு வாடகை நூலகம் வைத்திருந்தேன். சின்ன அறை, மூன்று பக்கம் அலமாரி, வாசலை ஒட்டி ஒரு மேசை. 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதோடு அது முடிந்தது. நனைந்த புத்தகங்களை மொட்டை மாடியில் காயவைத்துப் பார்த்தேன். எல்லாம் உப்பிப்போய், பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது. கடை போனாலும் கேள்வி நிற்கவில்லை. பாண்டி பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், வெள்ளிக் கடற்கரையில் சுண்டல் வாங்கும்போதுகூட, “சார், அடுத்து என்ன படிக்கலாம்?” என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த நாவலை எப்படித் தேர்ந்தெடுப்பது? சரித்திரம், க்ரைம், குடும்பம் என்று பிரித்துத் தேடினால் போதாதா?

போதாது. அந்தப் பெயர்கள் அலமாரிக்குத்தான் உதவும். என் கடையிலும் அப்படித்தான் சீட்டு ஒட்டியிருந்தேன். ஆனால் ஆள் வந்து நின்றால் நான் கேட்டது வேறு: கடைசியாக எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை? அதில் எந்த இடத்தில்?

இந்தக் கேள்வியை ஒரு அம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். வாரம் இரண்டு ரமணிசந்திரன் எடுப்பார். இருந்ததெல்லாம் தீர்ந்ததும், “வேற குடு தம்பி” என்றார். காதல் கதைதானே என்று நானும் யோசிக்காமல் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். புத்தகத்தை மேசைமேல் வைத்த விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் உட்காரவைத்து, இத்தனை நாள் படித்ததில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். “அந்தப் பொண்ணு புது வூட்டுக்குள்ள போவுது பாரு, யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்கன்னு ஒண்ணொண்ணா புரிஞ்சிக்குதே, அது” என்றார்.

அவரை இழுத்தது காதலே இல்லை, வீடு. அதன் பிறகு லக்ஷ்மி எழுதிய நாவல்களைக் கொடுத்தேன், வரிசையாகப் படித்தார். அடுத்து சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’. குடிகாரன் இருக்கும் வீடு. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசினார். ஒன்றரை வருடம் கழித்து ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ அவர் கையில் இருந்தது. தூத்துக்குடி உப்பளத்துக் கூலிக்காரர்களின் கதை. முதலிலேயே அதைக் கொடுத்திருந்தால் அதுவும் மறுநாளே மேசைக்குத் திரும்பியிருக்கும்.

ஆகவே வகையைப் பார்க்காதீர்கள், பிடித்த இடத்தைப் பாருங்கள். ஊரா, வீடா, சதியா, பேச்சா, சிரிப்பா, ஒரு தொழிலைப் பற்றிய நுணுக்கமா? அதே இழுப்பு வேறு அலமாரியிலும் இருக்கும்.

‘பொன்னியின் செல்வன்’ முடித்துவிட்டேன். இப்போது எதைத் தொட்டாலும் சப்பென்று இருக்கிறது. என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்பது இதுதான். 2022இலும் 2023இலும் படம் வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் அது. ஐந்து பாகம் முடிந்ததும் வரும் வெறுமை இயல்பு, பயப்பட வேண்டாம். ஒரு வாரம் ஒன்றும் படிக்காமல் இருங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கதை தொடங்குவதே ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது நம் வீராணத்தில். அந்த ஏரியின் 74 கணவாய்களைக் கல்கி எழுதியிருப்பார். வந்தியத்தேவன் ஒளிந்து நின்று கேட்கும் கடம்பூரும் அங்கேதான், காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில். தண்ணீர் நிறைந்திருக்கும் நாளாகப் பார்த்து ஒருமுறை கரையில் நடந்துவிட்டு வந்து முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். இப்போது அந்தத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது என்பதைக் குந்தவைக்கு யார் சொல்வது!

சரி, அடுத்த புத்தகம். அதில் உங்களுக்குப் பிடித்தது வந்தியத்தேவனின் குதிரையும் சுரங்கப்பாதையும் ஓலையும் ஒற்றரும் என்றால், சாண்டில்யன். ‘யவன ராணி’, அல்லது மூன்று பாகமாக உள்ள ‘கடல் புறா’. கடலும் கப்பலும் சண்டையும் நன்றாக இருக்கும். கதாநாயகியை வர்ணிக்கத் தொடங்கினால் மட்டும் மனிதர் லேசில் நிறுத்தமாட்டார். அந்தப் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டுங்கள், கதை ஒன்றும் ஓடிவிடாது.

சோழர்களை விட்டு வர மனமில்லை என்றால், அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ ராஜேந்திர சோழனுடையது. பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகம், ராஜராஜன் தஞ்சைக் கோயிலைக் கட்டும் கதை. கல்லும் கயிறும் சாரமும் எப்படி வேலை செய்தன என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது சரிப்படும். விட்ட இடத்திலிருந்து கதை தொடர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ இருக்கிறது.

கல்கியின் மொழிதான் வேண்டும் என்றால் ‘பார்த்திபன் கனவு’ சின்னது, ‘சிவகாமியின் சபதம்’ பெரியது. கதைக் காலப்படி சிவகாமிதான் முன்னால் வரும். ஆனாலும் நான் பார்த்திபனைத்தான் முதலில் கொடுப்பேன். சிவகாமியின் முடிவு மனதைக் கனக்க வைத்துவிடும். அதன் பிறகு பார்த்திபன் ரொம்ப லேசாகத் தெரியும்.

“இதெல்லாம் ராஜா கதை. அந்தக் காலத்தில் சாதாரண ஜனம் எப்படி இருந்தது?” என்ற கேள்வி உங்களுக்குள் வந்திருந்தால், நீங்கள் அடுத்த அலமாரிக்கு வந்துவிட்டீர்கள். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். மதுரையும் களவும் காவலும். பிரபஞ்சனும் உண்டு, அவரைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ராஜேஷ்குமார் நிறையப் படித்துவிட்டேன். பாதியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது.

ஆயிரத்துக்கு மேல் நாவல் எழுதியவரின் கைத்தடம் உங்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அது அவர் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. முதலில் ஆளை மாற்றுங்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, அப்புறம் சுஜாதாவின் கணேஷ்–வசந்த். சுஜாதாவில் ‘கொலையுதிர் காலம்’ எடுங்கள். நடப்பது பேய் வேலையா, ஆள் வேலையா என்று கடைசிவரை இரண்டு பக்கமும் இழுப்பார். அதை முடித்தவர்கள் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வுக்குப் போகலாம். நாட்டுப்பாடல் ஆராய்ச்சிக்கு ஒரு கிராமத்துக்குப் போகிறவன் வேறு எதிலோ மாட்டிக்கொள்ளும் கதை.

அதற்குப் பிறகும் அலுத்தால், கேள்வியையே மாற்றிப் பாருங்கள். ‘யார் செய்தது?’ என்பது ஒரு வகைப் பதற்றம். ‘செய்தவன் தப்பிப்பானா?’ என்பது இன்னொரு வகை, பல நேரம் கூடுதலான பதற்றம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. 2019இல் வந்த ‘அசுரன்’ படத்துக்கு மூலம். தொடக்கத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. செய்தவன் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். மிச்சப் புத்தகம் முழுக்க அவனும் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், எந்தச் செடியின் இலையைத் தின்றார்கள் என்று போகும். படம் பார்த்தவர்கள் சண்டையை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாறுவார்கள். எதிர்பார்க்காமல் திறந்தால் ராத்திரி தூக்கம் போகும்.

லாட்ஜில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பாக்கெட் நாவல் தவிர எதையும் தொடாதவன், ‘வெக்கை’யைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அண்ணா, இதுல போலீஸே வரமாட்டேங்குது, ஆனா பயமாவே இருக்குது” என்றான். எனக்குத் தெரிந்து அந்த நாவலுக்கு வந்த நல்ல விமர்சனங்களில் அதுவும் ஒன்று.

தமிழில் அறிவியல் புனைகதை இருக்கிறதா?

இருக்கிறது, குறைவு. தொடங்க ‘என் இனிய இயந்திரா’தான். எண்பதுகளில் எழுதிய சுஜாதா கதையை 2021ஆம் ஆண்டில் வைத்தார். அந்த வருடத்தையும் நாம் தாண்டிவிட்டோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே படிப்பது தனி வேடிக்கை. ஜீனோ என்ற இயந்திர நாய் உங்களுக்குப் பிடித்துவிட்டால் தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’.

பேய், அமானுஷ்யம்?

இந்திரா சௌந்தர்ராஜன். ‘மர்மதேசம்’ தொடரைச் சின்ன வயதில் போர்வைக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மின்வெட்டு நாளில் படியுங்கள்.

சிரிக்க வேண்டும். அழவைக்கிற எதையும் கொடுக்காதீர்கள்.

தேவன். ‘துப்பறியும் சாம்பு’வில் ஆரம்பியுங்கள். அசடு என்று பெயர் வாங்கிய பேங்க் குமாஸ்தா, தற்செயலாகவே ஒவ்வொரு கேஸையும் கண்டுபிடித்து ஊரெல்லாம் பேர் வாங்குகிறார். தனித்தனிக் கதைகள் என்பதால் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்குத் தோதான புத்தகம். நான் இரண்டு முறை அதற்காகவே எடுத்துப் போயிருக்கிறேன்.

‘இலக்கியம்’ என்றாலே பயமாக இருக்கிறது. பெரிய பெரிய புத்தகங்கள், புரியாத நடை. எங்கிருந்து தொடங்குவது?

சின்னதிலிருந்து. ‘விஷ்ணுபுர’த்திலோ, 26 நாவலாக விரியும் ‘வெண்முர’சிலோ முதல் காலை வைத்துவிட்டு, “இலக்கியம் நமக்கு ஆகாது” என்று திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஜெயமோகனின் அந்தப் புத்தகங்கள்மேல் குறை இல்லை. கடலில் இறங்குவதற்கு முன்னால் கெடிலத்தில் காலை நனைக்கலாம் என்கிறேன்.

கடலூர் நியூ டவுனில் ஏறி பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். போக வர இரண்டு முறை போனால் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ முடிந்துவிடும். ஒரே ஒரு பிற்பகல், ஒரு ஜல்லிக்கட்டு. அப்பனைக் கொன்ற காளைக்காகக் காத்து நிற்கும் பிச்சி. வாடிவாசல் கட்டையில் சாய்ந்து நிற்கிறவனுக்கும் பக்கத்தில் நிற்கும் கிழவனுக்கும் நடக்கும் பேச்சிலேயே பதற்றம் ஏறிக்கொண்டு போகும். நான் முதல் தடவை படித்தபோது இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

அடுத்து அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையில் குடம் வைத்துக்கொண்டு அலையும் ஜமுனாவின் கதை. வாக்கியங்கள் அவ்வளவு எளிமையாக இருப்பதால், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். முடித்த மறுநாள், குழாயடியில் நிற்கும்போது தெரியும். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ மீனவக் குடும்பத்தின் கதை, நூற்றுச் சொச்சம் பக்கம். தேவனாம்பட்டினத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படகும் வலையும் புதிதல்ல. ஆனால் பேச்சு தெற்கத்திப் பேச்சு, பழக ஐந்து பக்கம் ஆகும். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ ஒரு வெள்ளாட்டின் கதை. ஆட்டைப் பற்றி ஒரு நாவலா என்று சிரித்துக்கொண்டே எடுத்தவர்கள் திருப்பித் தரும்போது சிரிக்கவில்லை.

கடல் பிடித்துப்போனால் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. அது பெரிய புத்தகம்தான், ஆனால் அதற்குள் உங்களுக்குக் கால் நனைந்திருக்கும். கப்பல், போர், வெளியூர் பிடிக்குமென்றால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப்போர் காலத்து மெடானும் பினாங்கும், அங்கே வட்டிக்கடையில் இருந்த நம் ஆட்களும். முதல் ஐம்பது பக்கம் பெயர்களில் தலை சுற்றும், விடாதீர்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக் கதைகள் உண்டா?

உண்டா என்றா கேட்கிறீர்கள்! இதில் மட்டும் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயகாந்தன் 1934இல் நம் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய்விட்டார். அவர் கதைகளில் பெரும்பாலும் சென்னைதான் இருக்கும். ஆனாலும் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஒரு பெருமை. 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை முதலில் படியுங்கள். மழையில் காரில் ஏறிய பெண்ணுக்கு நடந்த கொடுமையைத் தாய் தண்ணீர் ஊற்றித் துடைத்து, மறைத்து, மகளை ஏற்றுக்கொள்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்த ‘இருந்தால்’தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதற்கு 1972இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கதையையும் நாவலையும் அடுத்தடுத்துப் படிப்பது, ஒரே தெருவை இரண்டு முனையிலிருந்தும் பார்க்கிற மாதிரி. மனசு லேசாக வேண்டுமென்றால் அவருடைய ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’. அதில் வரும் ஹென்றியை வெறுத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

புதுச்சேரிக்குப் பிரபஞ்சன். ‘மானுடம் வெல்லும்’ முதலில், ‘வானம் வசப்படும்’ அடுத்து. இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி. பிரெஞ்சு குவர்னர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பு இருக்கிறதே, அதிலிருந்து எழும்பிய நாவல்கள். பிள்ளையின் வீடு இன்னும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு பையோடு அதைக் கடந்து போகிறோம், நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாவலைப் படித்த பிறகு பார்ப்பீர்கள். அரண்மனைச் சதி வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் இதில் தீனி உண்டு. குவர்னர் மாளிகையில் நடக்காத சதியா? கூடவே தாசிகள், நெசவாளிகள், அடிமையாக விற்கப்பட்டவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

விருத்தாசலம் பக்கத்துக்கு இமையம். 1994இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’ ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் கதை. தலித் மக்களுக்குத் துணி வெளுத்துக் கூலிச் சோறு வாங்கும் குடும்பம். ஆரோக்கியம் ஒப்பாரி வைக்கும் இடத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி. தீக்காயத்தோடு கிடக்கும் மகளைச் சுற்றிக் குடும்பம் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடக்கிறது. பேச்சு, பேச்சு, பேச்சாகவே போகும். வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் இருக்கும் சமயத்தில் இதை எடுக்காதீர்கள்.

கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’யை ஏன் எல்லாரும் படிக்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நம் பாட்டி பேசிய பேச்சு அப்படியே இருக்கிறது. நடுநாட்டுச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர் அவர். வெளியூர்க்காரர்களுக்கு அந்த வட்டார வழக்கு கொஞ்சம் கடினம். நமக்குச் சுலபம், அதுவும் வாய்விட்டுப் படித்தால் இன்னும் சுலபம்.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கடைசிக் காலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் புதுச்சேரியில் வாழ்ந்து, 2021 மே மாதம் இங்கேதான் மறைந்தார். அதனால் அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். ‘கோபல்ல கிராமம்’ கரிசல் கதை; ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாத்தா சொல்வது போன்ற நடை எந்த ஊருக்கும் ஒத்துவரும். தொடர்ச்சி ‘கோபல்லபுரத்து மக்கள்’. இரண்டையும் வரிசையாகப் படியுங்கள்.

மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்க முடிவதில்லை. என்ன காரணம்?

பாதி நேரம் மொழிபெயர்ப்புதான் காரணம். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: நடுவில் எங்காவது இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பக்கத்தைத் திறந்து, மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். நம் வாயில் அந்தப் பேச்சு ஒட்டவில்லை என்றால் வைத்துவிடுங்கள். நல்ல கதை, நல்ல பெயர் என்றெல்லாம் பார்க்க வேண்டாம்.

சோதனையில் தேறுபவை நிறைய இருக்கின்றன. தகழியின் ‘செம்மீ’னைத் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. தாராசங்கர் பந்த்யோபாத்யாயாவின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தை த.நா. குமாரஸ்வாமி செய்திருக்கிறார். நாடி பிடித்து மரணம் வரும் நாளைச் சொல்லும் கிராமத்து வைத்தியரின் கதை. வயதானவர்களுக்கு இதைக் கொடுக்க முதலில் தயங்கினேன். தயங்கியது நான்தான், அவர்கள் இல்லை. பாண்டிக்காரர்களுக்குப் பிரெஞ்சிலிருந்து நேராக வந்தவை பிடிக்கும். காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராம் செய்தது. ‘குட்டி இளவரச’னை அவரும் மதனகல்யாணியும் சேர்ந்து செய்தார்கள். பழைய சோவியத் புத்தகங்கள் கண்ணில் பட்டால், அதில் கிர்கீஸ் எழுத்தாளர் அய்த்மாத்தவ் பெயர் இருந்தால், விலை கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்க்கலாம்?

ஐம்பது. வட்டார வழக்கு நாவல் என்றால் எண்பது, ஏனென்றால் முதல் முப்பது காது பழகுவதற்கே போய்விடும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் தூக்கிப்போடாதீர்கள். நான் இருபத்திரண்டு வயதில் ‘மோகமு’ள்ளை நாற்பதாவது பக்கத்தில் மூடினேன். முப்பத்தைந்தில் எடுத்தபோது சமையல் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

விருது பெற்ற நாவல் என்றால் நம்பி வாங்கலாமா?

எழுத்தாளரை நம்பலாம். விருது வாங்கிய அந்த ஒரு புத்தகம்தான் அவருடைய நல்ல புத்தகம் என்று நம்ப வேண்டாம். நம் ஊரில் விருது பல நேரம் தாமதமாக வரும். அப்போது கையில் எது அகப்பட்டதோ அதற்குக் கொடுத்த மாதிரி இருக்கும். இது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருபவர்கள் சாயங்காலம் வரலாம்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? எல்லாமே விலை ஏறிவிட்டதே.

காசே செலவழிக்காமல் தொடங்கலாம். கல்கியின் நாவல்கள் மதுரைத் திட்டத்தில் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றி வருகிறார்கள். பழைய புத்தகங்களுக்கு முதலில் அங்கே பாருங்கள்.

நூலகத்தை மறந்துவிடாதீர்கள். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் தொடங்கியது. கடலூரில் மாவட்ட மைய நூலகம். இரண்டிலும் அலமாரியில் கண்ணுக்கு நேராக இருக்கும் வரிசையை விட்டுவிட்டுக் கீழ்த்தட்டைப் பாருங்கள். குனிய யாருக்கும் பிடிக்காது. நல்லவை அங்கே பல வருடமாகத் தூங்கும்.

பாண்டியில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் கிடைக்கும். சட்டை, செருப்பு, சார்ஜர் எல்லாவற்றுக்கும் நடுவில் குவியலாகக் கிடக்கும். காலையிலேயே போய்விடுங்கள். பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய தொடர்கதைகள் கிடைத்தால் விடாதீர்கள். படத்தோடும் அந்தக் காலத்து விளம்பரத்தோடும் படிக்கலாம். ஆனால் நின்ற இடத்திலேயே அத்தியாய எண்களை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கி வந்து, 31க்கு அடுத்து 34 என்று இருந்ததில், நாயகி எப்படிச் சிறையிலிருந்து தப்பினாள் என்பது பல வருடம் தெரியாமலே இருந்தது.

புதிய புத்தகத்துக்கு நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி. கடைசி நாள் போனால் தள்ளுபடி பேசலாம், முதல் நாள் போனால் புத்தகம் இருக்கும். இரண்டில் எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பதின்மூன்று வயது மகள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், நாவல் என்றால் ஓடுகிறாள்.

நாவலைக் கொடுக்காதீர்கள். முத்து காமிக்ஸ் கொடுங்கள், வாண்டுமாமா கொடுங்கள், அப்புறம் சாம்பு. ராத்திரி நீங்கள் பத்துப் பக்கம் படித்துக்காட்டி, நல்ல இடத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். ‘என் இனிய இயந்திரா’வுக்கு இந்தத் தந்திரம் பலிக்கும். நாய்க்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் யாருக்கும் தூக்கம் வராது.

படித்ததே மறந்துவிடுகிறது. ஏற்கெனவே படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்து வந்துவிடுகிறேன்.

வாடகை நூலகக் காலத்து வைத்தியம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் எனக்குத் தெரியாமல் (தெரியும், சொல்லவில்லை) புத்தகத்துக்குள் ஒரு அடையாளம் போட்டுவைப்பார்கள். ஒருவர் 50ஆம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம். ஒருவர் கடைசிப் பக்கத்தில் இனிஷியல். முதலில் சொன்னேனே அந்த அம்மா, அவர் 27ஆம் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு குட்டி மீன் வரைவார். எடுக்க வந்தால் அட்டையைப் பார்க்கமாட்டார், நேரே 27ஐத் திறப்பார். மீன் இருந்தால் வைத்துவிடுவார்.

சொந்தப் புத்தகத்தில் நீங்களும் செய்யலாம். நூலகப் புத்தகத்தில் வேண்டாம். அதற்கு ஒரு பழைய டைரி போதும். பெயர், தேதி, பிடித்த இடம் ஒரே ஒரு வரி. ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ‘கிழவன் குடத்தை உடைக்கும் இடம்’ என்கிற மாதிரி எழுதுங்கள். அடுத்தமுறை நூலகருக்கு முன்னாலோ கடைக்காரருக்கு முன்னாலோ நிற்கும்போது அந்த டைரியின் கடைசி ஐந்து வரிகளைப் படித்துக்காட்டுங்கள். விவரம் தெரிந்தவராக இருந்தால், நீங்கள் முடிப்பதற்குள் எழுந்து அலமாரிக்குப் போயிருப்பார்.